பார்த்தவன் பைத்தியம், பார்க்காதவன் நிபுணன்

போர் விமானம் ஒன்று வயலில் விழுந்தால், தீயணைப்பு வண்டிக்கு முன்னால் மைக் வந்து சேர்ந்துவிடுகிறது. மண்வெட்டியோடு நிற்கும் ஒருவரை வளைத்துப் பிடித்து விசாரணை ஆரம்பமாகிறது.

"நீங்க நேர்ல பாத்தீங்களாண்ணே?"

"சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். நெருப்பா வந்துச்சு."

"அப்ப வானத்துலயே தீப்பிடிச்சிருச்சு?"

"ஆமா, நெருப்பாத்தான் வந்துச்சு."

"வெடிச்சுச் சிதறுனதையும் பாத்தீங்க?"

"படார்னு ஒரு சத்தம்..."

"பைலட் ஊரக் காப்பாத்தத்தான் அந்தப் பக்கமா திருப்புனாரு, இல்லையாண்ணே?"

அண்ணன் ஒரு கணம் யோசிக்கிறார். அவருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. ஆனால் கேமரா பார்க்கிறது, ஊர் பார்க்கிறது, செத்துப்போன பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார்கள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "ஆமா" என்கிறார். ஐந்தாவது நிமிடம் திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடுகிறது: 'நடுவானில் வெடித்துச் சிதறியது! ஊரைக் காக்க உயிர் கொடுத்த விமானி! நேரில் பார்த்தவர் உருக்கம்!' நிருபர் சொன்ன மூன்று சேதிகளும் அண்ணன் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டன.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் மாணவர்களுக்குக் கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, மோதியபோது வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 32 மைல் என்று பதில் வந்தது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் 41 மைல். இன்னொரு கூட்டத்தாரிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் சிலர் சொன்னார்கள். நொறுங்கியதாகக் கேட்கப்பட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் அதிகம். நம் சேனல்காரர்கள் லாஃப்டஸைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் எச்சரிக்கையாக எழுதியதை இவர்கள் தொழிலாகவே செய்கிறார்கள்.

பாவம், அண்ணனால் என்னதான் பார்த்திருக்க முடியும்? விமானம் மணிக்கு 900 கிலோமீட்டரில் வந்தால் விநாடிக்கு 250 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ நடந்தால் சத்தம் இவர் காதுக்கு வர ஒன்பது விநாடி ஆகும். குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சத்தம் வந்த திசையைப் பார்க்கும்போது விமானம் அங்கே இருக்காது. அவர் கண்ணில் படுவது கடைசி இரண்டு மூன்று விநாடிகள். அதிலும் வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னர் போட்டிருந்தால் வாலில் நீளமாகத் தீ இருக்கும். அது எஞ்சின் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான தீ. விமானி வெளியேறும்போது இருக்கைக்கு அடியில் ராக்கெட் வெடிக்கும். அது அவரைக் காப்பாற்றுவதற்கான வெடி. மேல்மூடி ஒரு பக்கம், இருக்கை ஒரு பக்கம் என்று பறக்கும். விமானம் துண்டானதாகத் தெரியும். இருக்கையை நிலைப்படுத்த ஒரு சின்னப் பாராசூட் குடை, விமானிக்கு ஒரு பெரிய குடை என்று விரிந்தால் ஒருவர் இருவராகிவிடுவார். அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் கையில் கிடைத்தது படத்தின் கடைசி ரீல்; முந்தைய பதினாறு ரீல்களை மூளை தானே எடுத்து ஒட்டிக்கொள்கிறது.

நம் ஊர் என்றில்லை, படித்த ஊரிலும் இதே கதைதான். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் குவீன்ஸில் ஒரு பயணிகள் ஜெட் விழுந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 349 பேரின் வாக்குமூலத்தைத் தொகுத்தது. பாதிப் பேருக்கு மேல் வானிலேயே தீயைப் பார்த்தார்கள். ஆனால் எந்த இடத்தில் தீ என்பதில் ஆளுக்கொரு சேதி. நூற்றுக்கு 18 பேர் விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றார்கள். இடப்பக்கம் என்றவர்களும் அதே 18. கடைசியில் காரணம், சுக்கானை அளவுக்கு மீறி மிதித்ததில் வாலின் செங்குத்துத் துடுப்பு பிய்ந்துபோனது. நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை. 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் ஒரு சரக்கு விமானம் விழுந்தது. சில மாதங்கள் கழித்து, விமானம் கட்டடத்தில் மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். 55 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு காட்சி படம்பிடிக்கப்படவே இல்லை.

ஆகவே நேரில் பார்த்தவரை நம்பாதே என்று விமானப் படையும் பாதுகாப்பு அமைச்சகமும் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமாரும் அதைத்தான் சொன்னார்கள். தீர விசாரித்து அந்த மெய்யை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை 'தேசப் பாதுகாப்பு' என்ற ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று மட்டும் எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. அது நம் சர்க்காரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

2021 டிசம்பர் 8 நமக்கு மறக்காது. சூலூரிலிருந்து வெலிங்டன் போன மி-17வி5 ஹெலிகாப்டர் காட்டேரியை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 14 பேர். பிழைத்த ஒரே அதிகாரியும் ஒரு வாரத்தில் இறந்தார். முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். குடத்தில் தண்ணீர், வீட்டுக் கம்பளி, போர்வை, கையில் கிடைத்தது எல்லாவற்றோடும் ஓடினார்கள். மரத்தில் மோதியதையும், எரிந்துகொண்டே மனிதர்கள் விழுந்ததையும் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் சொன்னது அன்று முழுக்க எல்லா மொழிகளிலும் ஓடியது. மாலைக்குள் டெல்லி ஸ்டுடியோக்களில் நீலகிரியைப் பார்த்தே இராதவர்கள் சீனாவையும் தைவானையும் இழுத்துவந்து, காட்டேரிப் பள்ளத்தாக்கில் உலக யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மரத்தில் மோதியதைப் பார்த்தேன் என்ற மனிதரைவிட இவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது. இவர்கள் எதையும் பார்க்கவில்லை அல்லவா, குழப்பமே இல்லை.

இந்த விபத்தில் தப்பிப் பிழைத்த நேர்மையான சாட்சி ஒன்று உண்டு. கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள் ரயில் பாதையோரம் நடந்தபோது போனில் எடுத்த சில விநாடி வீடியோ. ஹெலிகாப்டர் தாழ்வாக வருகிறது, மேகத்துக்குள் போகிறது, சத்தம் மாறுகிறது, நிற்கிறது. நடந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். ஐந்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 14 அன்று, முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு என்று விமானப் படை வெளியிட்டது என்ன? வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு தப்பியது, நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியது. சதி இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியம் இல்லை. அந்தப் போனில் இருந்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்தப் போனுக்கு என்ன மரியாதை கிடைத்தது? போலீசார் வாங்கித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். தடை செய்யப்பட்ட காட்டுப் பகுதிக்கு நீங்கள் எதற்குப் போனீர்கள் என்றும் விசாரித்தார்கள். ஹெலிகாப்டர் ஏன் அவ்வளவு தாழ்வாகப் போனது என்று கேட்பதைவிட, இவர்கள் ஏன் அங்கே நடந்தார்கள் என்று கேட்பது சுலபம். நடந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பதில் சொல்வார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் ஒரு அட்டவணை வந்தது. 2017-லிருந்து 2022 வரை விமானப் படைக்கு 34 விபத்துகள். நீலகிரி விபத்துக்கு நேராகக் காரணம் என்ற கட்டத்தில்: மனிதப் பிழை, விமானக் குழு. அட்டவணையின் ஒரு கட்டம். அலட்சியம் இல்லை என்று 2022-ல் சொன்னதற்கும், பிழை என்று 2024-ல் சொன்னதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? அந்த மேகத்தில் பறக்கலாம் என்று முடிவெடுத்தது யார், வானிலைத் தகவல் எப்போது கையில் கிடைத்தது, வேறு பாதை இருந்ததா? முழு அறிக்கை வந்தால்தானே தெரியும். வரவில்லை. விமானக் குழுவோ செத்துப்போனது. செத்தவர்கள் மறுப்பு அறிக்கை விடுவதில்லை என்பது எந்தத் துறைக்கும் பெரிய ஆறுதல். நஞ்சப்பசத்திரத்துக்கு ராணுவம் நன்றி சொன்னது. ஊருக்குக் கம்பளி கொடுத்தார்கள். அது நல்ல காரியம்தான், மலைக்குளிருக்கு அறிக்கையைப் போர்த்திக்கொள்ள முடியாது.

சரி, நேரில் பார்த்தவர் எப்போதும் தப்பாகவே சொல்கிறாரா என்றால், 2019 பிப்ரவரி 27-ஐப் பாருங்கள். எல்லையில் இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் மோதிக்கொண்டிருந்த அதே காலையில், காஷ்மீரின் பட்காமில் ஒரு மி-17வி5 விழுந்தது. விமானப் படையினர் ஆறு பேரும், கீழே இருந்த ஊர்க்காரர் ஒருவரும் செத்தார்கள். பெருஞ்சத்தம் கேட்டது என்று கிராமத்தார் அன்றே சொன்னார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்றுதான் முதலில் பேச்சு அடிபட்டது. ஏப்ரலிலும் மேயிலும் தேர்தல் நடந்தது. வான்படையின் வீரம் மேடைக்கு மேடை முழங்கியது. எல்லாம் முடிந்து அக்டோபர் 4 அன்று, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த விமானப் படைத் தளபதி பதௌரியா உண்மையைச் சொன்னார். நம் ஏவுகணைதான் நம் ஹெலிகாப்டரை அடித்தது, அது பெரிய தவறு என்றார். அவர் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சத்தத்தைச் சரியாகக் கேட்ட கிராமத்தானிடம், ஐயா உங்கள் காது சரி, எங்கள் வாய்தான் ஏழு மாதம் மூடியிருந்தது என்று யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதே நாளில் எல்லைக்கு அந்தப் பக்கமும் கண் சாட்சிகளுக்கு நல்ல கிராக்கி. இரண்டு இந்திய விமானிகள் பிடிபட்டார்கள், ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித் தொடர்பாளரே அறிவித்தார். சாயங்காலத்துக்குள் இருவர் ஒருவரானார். பிடிபட்டது அபிநந்தன் மட்டும்தான். காலையில் சொன்ன அந்த இரண்டாவது ஆளை இந்தியா விடுவதாக இல்லை. இரண்டு இடங்களில் குடைகள் இறங்கின, அந்த இன்னொருவர் உங்கள் எஃப்-16 விமானி என்றது. எங்கள் எஃப்-16 ஒன்றுகூடக் குறையவில்லை என்றது பாகிஸ்தான். அபிநந்தனின் வீர் சக்ரா விருதுக் குறிப்பில் எஃப்-16-ஐ வீழ்த்தினார் என்று ஏறியாயிற்று. இனி அது விழுந்தே தீர வேண்டும். ஆக, வயலில் நின்று அண்ணாந்து பார்த்த ஒரு மலைக்கிராமத்து ஆளின் கண், இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு ரேடாராக வேலை பார்த்தது. தேவைப்பட்டால் அவர் சாட்சி, தேவையில்லை என்றால் அவர் வதந்தி.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. இந்திய விமானங்களை வீழ்த்தியதற்கு ஆதாரம் எங்கே என்று சிஎன்என் கேட்டபோது, பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் குவாஜா ஆசிஃப் சமூக ஊடகம் முழுக்க இருக்கிறதே என்றார். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் டீக்கடை பெஞ்சிலிருந்து போர்ச் செய்தி வாசித்தார். இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? உடைந்த பாகங்களின் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, அரசு வாய் திறக்கவில்லை. மே 31 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான், ஜெட் விழுந்தது முக்கியமில்லை, ஏன் விழுந்தது என்பதுதான் முக்கியம் என்றார். எங்கே சொன்னார்? சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியிடம். எத்தனை விழுந்தன? சொல்லவில்லை. ஏன் விழுந்தன? தந்திரத்தில் தவறு நேர்ந்தது, திருத்திக்கொண்டோம். இதுவே முக்கியமான கேள்விக்குக் கிடைத்த முழுப் பதில். முக்கியமில்லாத கேள்விக்காவது நம் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எல்லா ராணுவமும் இப்படித்தான், ரகசியம் என்றால் ரகசியம்தான் என்று ஒரு கூட்டம் கிளம்பும். அமெரிக்க ராணுவம் யோக்கியம் என்று சொல்ல எனக்கு எந்த ஆசையும் இல்லை. 2023 செப்டம்பர் 17 அன்று தென் கரோலினாவில் எஃப்-35பி விமானத்திலிருந்து விமானி குதித்துவிட்டார். விமானம் ஆளில்லாமல் 11 நிமிடம் பறந்து போய் எங்கோ விழுந்தது. எதிரி ரேடாருக்குத் தப்பும் விமானம் சொந்தக்காரன் ரேடாருக்கும் தப்பிவிட்டது. விமானத்தைப் பார்த்தவர்கள் தகவல் சொல்லுங்கள் என்று விமானத் தளமே ஊர்மக்களிடம் கேட்டது, தொலைந்த மாட்டைத் தேடுவதுபோல. உலகமே சிரித்தது. ஆனால் அடுத்த வருடம் விசாரணை அறிக்கை வெளியே வந்தது. பறக்கும் நிலையில் இருந்த விமானத்திலிருந்து விமானி குதித்தார், அது தவறு என்று எழுதி, எவனும் படிக்கும்படி போட்டார்கள். எதிரி படிக்க மாட்டானா? படிப்பான். அந்த விமானத்தைவிட ரகசியமான பொருள் நம் கொட்டகையில் எது இருக்கிறது?

துபாய் விமானக் கண்காட்சியில் 2025 நவம்பர் 21 அன்று நம் தேஜஸ் போர் விமானம் விழுந்தது. விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். எத்தனை போன், எத்தனை கோணம். முந்தின நாள், விமானத்திலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்று ஒரு வீடியோ சுற்ற, அது எண்ணெய் இல்லை, குளிர்ந்து சேர்ந்த நீரை வடிப்பது வாடிக்கை என்று அரசின் சரிபார்ப்புப் பிரிவு விளக்கம் கொடுத்திருந்தது. அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். அப்படிப் பட்டென்று விளக்கம் கொடுக்கத் தெரிந்த கைக்கு, விபத்து என்றதும் ஒரே வரிதான் எழுத வருகிறது: 'கோர்ட் ஆஃப் என்கொயரிக்கு உத்தரவிடப்பட்டுள்ளது.' அதற்கப்புறம் அந்த கோர்ட்டை யாராவது பார்த்ததுண்டா? வெளியிடும் வழக்கம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள், 8(1)(a) பிரிவு தேசப் பாதுகாப்பைக் காட்டிக் கதவைச் சாத்தும்.

அறிக்கை இல்லாத இடத்தில்தான் அந்த 'ஊரைக் காத்த விமானி' வந்து உட்காருகிறார். உண்மையிலேயே அப்படிச் செத்த விமானிகள் இருக்கலாம், இருந்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் அதே வசனம் எழுதினால், யாருக்கு லாபம்? 2025 ஜூலை 21 அன்று டாக்காவில் பள்ளிக்கூடத்தின் மேல் எஃப்-7 போர் விமானம் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். ஆள் இல்லாத பக்கம் திருப்ப விமானி முயன்றார் என்று வங்கதேச ராணுவம் உடனே சொன்னது. ஜனம் நெருக்கியடிக்கும் நகரத்தின் மேல் அந்த விமானத்தை ஏன் ஓட்டினீர்கள் என்ற கேள்வியை, இறந்த விமானியின் வீரத்தைக் கொண்டு மூடியாயிற்று. வீரத்துக்குக் காசு கிடையாது. எஞ்சினுக்கும் உதிரிபாகத்துக்கும்தான் காசு.

அந்த எஃப்-7 யார் பிள்ளை? நம் மிக்-21-ஐப் பார்த்துச் சீனா போட்ட நகல். நம்முடையது அசல். 2023 மே மாதம் ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்தில் ஒரு வீட்டின் மேல் மிக்-21 விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். வீட்டுக்குள் இருந்த மூன்று பெண்கள் செத்தார்கள். நமக்கு வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 2012 ஏப்ரல் வரை 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்தார்கள் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் சொன்னார். பாதிக்கு மேல் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை நடந்திருக்கும், ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். எவ்வளவு எஞ்சின், எவ்வளவு பறவை, எவ்வளவு பயிற்சிக் குறைவு, எவ்வளவு போலி உதிரிபாகம், அதை எல்லாம் படிக்க செத்த பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு உரிமை இல்லை.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தாயிற்று. தண்ணீர் பீய்ச்சி மரியாதை, வானில் சாகசம், கண்ணீர், கைத்தட்டல். இனி அது கல்லூரி வாசலிலும் ரவுண்டானாவிலும் கம்பத்தின் மேல் நிற்கும், பிள்ளைகள் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். சோவியத் யூனியன் வடிவமைத்தது, அந்த நாடே இப்போது இல்லை. உலகத்தில் ஐம்பது நாடுகளுக்கு மேல் ஓட்டிப் பார்த்துவிட்டன. சீனா நகலெடுத்துப் பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் விற்றுவிட்டது. அதன் கடைசித் திருகாணிவரை எல்லா எதிரிக்கும் அத்துப்படி. அந்த அறிக்கைகளை மட்டும் இன்னும் பூட்டி வைத்திருக்கிறீர்களே, யாருக்குத் தெரியக் கூடாது என்று?